கோயிலுக்குப் பின்னால் வந்த தண்ணீர்

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நமக்குக் காது கேட்காது, முழங்கால் மடங்காது, ஆனால் கைபேசியில் வருவதை மட்டும் ஒன்று விடாமல் பார்த்துவிடுகிறோம். போன வாரம் நம் சபைக் குழுவில் ஒரு காணொளி வந்ததே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரத்தோட்டைக்கு மேலே ஏதோ ஒரு தோட்டத்தில், ஒரு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வருகிறது. வீட்டுக்காரர் இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்கிறார். ஆண்டவர் எங்கள் ஜெபத்துக்குத் தந்த ஊற்று என்று கண்கலங்கச் சொல்கிறார். கீழே வரிசையாக ஆமென், அல்லேலூயா, கூப்பிய கைகள். நான் ஒரே ஒரு கேள்வி எழுதினேன். "உங்கள் வீட்டுப் பின்கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா?" அதற்கும் யாரோ கூப்பிய கை போட்டிருக்கிறார்கள்.

கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கதவைப் பற்றி ஏன் கேட்டேன் என்பதை எழுதிவைக்கிறேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அப்பா தோட்டத்துக் கோயிலில் உபதேசியார். மாத்தளையிலிருந்து போதகர் மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்றபடி மணியடிப்பது, பிரசங்கம் செய்வது, ஞாயிறு பள்ளி நடத்துவது, செத்தவர்களை அடக்கம் செய்வது எல்லாம் அப்பாதான். மலையை வெட்டிச் சமன்செய்த ஒரு தட்டில் கோயில் நின்றது. அதே கூரையின் கீழ், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. இரண்டுக்கும் பின்னால் செங்குத்தாக ஒரு மண்மேடு, அதன் மேல் ஒரு கொய்யாமரம், அதற்கு மேலே தேயிலை. கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலையோடு மிளகும் சாதிக்காயும் இருந்தன. வெயில் காலத்தில் சாக்கில் பரப்பிய சாதிக்காய் வாசனை கோயிலுக்குள்ளேயும் வந்துவிடும். இன்றைக்கும் கடையில் சாதிக்காய் மணத்தால் எனக்கு ஒரு பாட்டின் முதல் வரி வாயில் வந்து நிற்கும், இரண்டாவது வரி வராது.

அப்பா நல்ல மனுஷர். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டுத் தண்ணீர் ஓடும் கானில் விழுந்து கிடப்பவனைத் தூக்கிவந்து கால் கழுவிப் படுக்கவைப்பார். லயத்தில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

ஞாயிறு பள்ளியில் வருஷத்துக்கு ஒருமுறை அப்பா ஒரு தட்டில் ஒரு பக்கம் மணலையும் ஒரு பக்கம் கருங்கல்லையும் வைப்பார். மணல்மேல் ஒரு தீப்பெட்டி, கல்மேல் ஒரு தீப்பெட்டி. நாங்கள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். மணல்மேல் இருந்த வீடு சரிந்து விழும். "நாம யாரு? புத்தியுள்ளவங்களா, புத்தியில்லாதவங்களா?" என்று கேட்பார். "புத்தியுள்ளவங்க!" என்று கூரை அதிரக் கத்துவோம். தண்ணீர் ஊற்றும் முறை யாருக்கு என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை நடக்கும்.

அந்த வருஷம் ஆடி ஆவணியில் கொடிய வறட்சி. எங்களுக்கு லயத்துப் பீலியிலிருந்துதான் தண்ணீர். மலையிலிருந்து குழாய் வழியாக விழும் அந்தப் பீலி முதலில் நூலாக இளைத்து, பிறகு நின்றே போனது. பெண்கள் கொழுந்து கிள்ளி முடித்த களைப்போடு குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஆற்றுக்கு இறங்கினார்கள். அப்பா வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் வைத்தார். பிள்ளைகளும் சாப்பிடக் கூடாது. கோயிலில் முழங்காலில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவளின் வயிறு கத்தும், நான் சிரிப்பேன், அப்பா கண்ணைத் திறக்காமலே என் காதைத் திருகுவார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலைந்து பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், கோயிலின் பின்சுவருக்கு நேரே, மண்மேட்டின் அடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதுவரை அங்கே ஒரு ஈரம்கூடக் கண்டதில்லை. கண்ணாடி போலத் தெளிவான தண்ணீர். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றார். பிறகு ஓடிப்போய் மணியடித்தார்.

சாட்சி சொல்வது என்றால் என்னவென்று நம்மவர்களுக்குத் தெரியும். ஆராதனையின் நடுவில் ஒருவர் எழுந்து ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்வார், மற்றவர்கள் ஆமென் போடுவார்கள். அந்த ஞாயிறு அப்பா எழுந்தார். "நாம கேட்டோம். அவரு குடுத்தாரு. கேட்ட எடத்திலேயே குடுத்தாரு!" என்றார். பாதிப்பேர் அழுதார்கள். மூங்கிலைப் பிளந்து வைத்து அந்தத் தண்ணீரை விழவைத்தார்கள். ஜெபப் பீலி என்று பேர் ஆகிவிட்டது. உக்குவளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் போத்தல்களோடு ஆட்கள் வந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா சாட்சி சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அது இன்னும் கொஞ்சம் உறுதியானது.

ஒருநாள் பெரிய கங்காணி வந்தார். அவர் மாரியம்மன் கோயில்காரர், அப்பாவுக்கு நல்ல சிநேகிதர். மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உபதேசியாரே, மழ பேஞ்சா மலையில தண்ணி ஊறத்தானே செய்யும்?" என்றார்.

"அந்த மழயக் குடுத்தது யாரு, கங்காணி?" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா சொன்னது நல்ல பதில்தான். ஆனால் அது கங்காணி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

அம்மா இந்தக் கூட்டத்தில் சேர்ந்து அழுதவள்தான். அவளும் உபவாசம் இருந்தவள்தான். ஆனால் துணி துவைப்பதும் அவள்தான், அதனால் மற்றவர்கள் பார்க்காததை அவள் பார்த்தாள். எங்கள் துணிக்கொடியின் ஒரு நுனி சமையல் செய்யும் குசினியின் சுவரில் ஆணியில் இருந்தது, மறுநுனி மேட்டின் மேல் கொய்யாமரத்தில். கார்த்திகையில் ஒருநாள் என் பள்ளிக்கூடச் சட்டையின் விளிம்பு சேற்றில் உரசிக்கொண்டிருந்தது. கொடி தொய்ந்திருந்தது. அம்மா இழுத்துக் கட்டினாள். சில நாளில் மறுபடியும் தொய்ந்தது. மறுபடியும் காலை மரத்தில் உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து இறுக்கிக் கட்டினாள். அந்த வாரமே போதகரின் வெள்ளை அங்கி சேற்றில் கிடந்தது.

அப்பாவுக்குக் கோபம் வருவது அபூர்வம். அன்றைக்கு வந்தது. "ஒரு கொடிய இறுக்கிக் கட்டத் தெரியலயா ஒனக்கு? கைக்காரியம் எல்லாம் இப்பிடித்தான் அரகொறயா?"

"நான் இறுக்கித்தாங்க கட்டினேன். மரம் நம்ம பக்கம் வருதுங்க."

"மரம் நடந்து வருதா?"

அம்மா அங்கியை எடுத்து மறுபடியும் துவைத்தாள்.

அதற்குப் பிறகு குசினியின் பின்கதவு இறுகிக்கொண்டது. தோளால் இடித்தால்தான் திறக்கும். மழைக்குப் பலகை ஊதியிருக்கிறது என்று அப்பா கதவைக் கழற்றி அடிப்பக்கம் சீவினார். கொஞ்ச நாள் சாத்தியது. பிறகு மேல்பக்கம் இடித்தது, அங்கேயும் சீவினார். வீடு சாயச் சாய அதற்கேற்றபடி கதவைச் சீவிக் கொடுத்திருக்கிறார் என் அப்பா. அந்தச் சீவல் சுருள்களைக் காதில் மாட்டிக்கொண்டு நான் விளையாடினேன்.

ஜெபப் பீலித் தண்ணீரும் நிறம் மாறியது. ஒரு போத்தலில் பிடித்து அம்மா ஜன்னலில் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் மேலே தெளிவு, அடியில் கெட்டியாகச் செம்மண். அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "என்னங்க, மலை கரைஞ்சு வருதுங்க." அப்பா போத்தலை வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். மண்ணும் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. "மழக் கலங்கல்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது யோசித்தால், அந்தக் குலுக்கலில் அவருக்கே பயம் இருந்தது என்றுதான் தோன்றுகிறது. பயப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வார்? எத்தனை பேருக்குச் சாட்சி சொல்லியாகிவிட்டது! ஒருவேளை இது வேறு ஏதோவாக இருக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை எழுந்து சொல்ல நம் ஆராதனையில் ஒரு நேரம் கிடையாதே. சாட்சி நேரம் இருக்கிறது. சொன்ன சாட்சியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் நேரம் எந்தச் சபையில் இருக்கிறது?

டிசம்பர் தொடக்கத்தில் போதகர் வந்தார். படித்தவர், நாலு இடம் பார்த்தவர். குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே பின்கதவு வழியாக மேட்டைப் பார்த்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கொடி, கதவு, போத்தல். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "நான் உபதேசியார்கிட்டப் பேசுறேன்மா," என்றார். வெளியே வந்தபோது கூட்டம் காத்திருந்தது. ஒரு தாய் தன் பிள்ளையின் சிரங்கு ஜெபப் பீலியில் ஆறிவிட்டது என்று பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். போதகர் கூட்டத்தைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். கையை உயர்த்தித் தண்ணீரை ஆசீர்வதித்தார். போகும்போது, "எதுக்கும் கவனமா இருங்க," என்று பொதுவாக ஒரு வார்த்தை விட்டுவிட்டு வண்டி ஏறினார். அப்பாவை நான் மன்னித்துவிட்டேன். இவரை இன்னும் முடியவில்லை. ஆண்டவர் என்னை அதற்காகத் தண்டிக்கட்டும்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும், கிறிஸ்து பிறப்புப் பண்டிகையான நத்தாருக்குச் சட்டை தைக்க வேண்டும் என்று சொல்லி அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு உக்குவளையில் அவளுடைய அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா தையல்காரர். சட்டை தைத்து முடிந்தது, அம்மா திரும்பிப் போகவில்லை. மாமா வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது நான் ஓடி ஓடிக் கையசைத்தேன். அம்மா அடிக்கடி பின்கதவைச் சாத்தித் திறந்து பார்த்தாள். அது சத்தமில்லாமல் சாத்தும். ஒருநாள் அதைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

அப்பா வரவில்லை. பெண்கள் ஐக்கியத்தார் வந்தார்கள், வாழைப்பழச் சீப்பும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு. நல்ல பெண்கள்தான், எனக்குத் தலைவாரி விட்டவர்கள்.

"அம்மா, நீங்களே இப்பிடி வந்துட்டா எப்பிடி? உபதேசியாரம்மாவே நம்பலன்னா நாங்க எதப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது?" என்றாள் ஒருத்தி.

"கதவு சாத்த மாட்டேங்குதுடி," என்றாள் அம்மா.

"கதவு கெடக்கட்டும்மா. ஊரே பேசுது. ஐயா சரியாச் சாப்பிடுறதில்ல. பிரசங்கத்துல நின்னுக்கிட்டு வார்த்த வராமத் தடுமாறுறாரு. நத்தார் வருது, கோயில்ல ஒரு துணி தொவைக்கல."

மாமா தையல் மெஷினிலிருந்து எழுந்துவந்தார். "அவ போகமாட்டா. அந்த மனுசனுக்குத்தான் பைத்தியம், அவளுக்குமா?" என்றார். அந்தப் பேச்சுத்தான் காரியத்தைக் கெடுத்தது. அண்ணன் புருஷனைப் பைத்தியம் என்றதும் அம்மாவின் முகம் இறுகியது. "அவர அப்பிடிச் சொல்லாதீங்கண்ணே," என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பையை எடுத்தாள்.

நானும் என் புதுச் சட்டையை எடுத்தேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி மாமியிடம் கொடுத்தாள். "பாப்பா இங்கேயே இருக்கட்டும். அவளுக்கு இருமலா இருக்கு, மலையில குளிரு ஒத்துக்காது."

எனக்கு இருமலே இருக்கவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் வாயைத் தன் உள்ளங்கையால் மெதுவாகப் பொத்தினாள். துணி துவைக்கும் சவர்க்காரம் மணக்கும் கை. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை. இரண்டு மூன்று நாள் அடைமழை விட்டு, மத்தியானம் நல்ல வெயில் அடித்தது. வெயிலைக் கண்டதும் அம்மா பலிபீடத்து வெள்ளைத் துணியைத் துவைத்திருக்கிறாள். அப்பா நத்தார்ப் பாட்டுப் பாடிப்போகும் கீத பவனிப் பிள்ளைகளைக் கூட்ட லயத்துக்கு இறங்கியிருந்தார். மேலே தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் திடீரென்று குடங்களோடு ஓடிவந்தார்கள். "ஐயா, ஜெபப் பீலி நின்னு போச்சு!" சொட்டுக்கூட வரவில்லையாம். ஓடிய தண்ணீர் திடீரென்று நின்றால் அது மலைக்குள் அடைபட்டு நிற்கிறது என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது என்று அவர்கள் பிறகு சொன்னார்கள். அவர் மேலே ஓடவில்லை. "ஜெபம் பண்ணுவோம்," என்றார். லயத்து வாசலில் எல்லோரும் முழங்கால்படியிட்டார்கள். கண்ணை மூடி, நின்றுபோன தண்ணீரைத் திரும்பத் தரும்படி அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மலை இறங்கியது. அம்மா மேலே தனியாக இருந்தாள்.

மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது அம்மாவை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். கோயிலும் இல்லை, வீடும் இல்லை. எங்கள் குசினி இருந்த இடத்தில் அந்தக் கொய்யாமரம் நேராக, இலைகூட வாடாமல் நின்றது. மேட்டிலிருந்து அப்படியே நடந்து வந்த மாதிரி. கொடிக்கயிறு அதிலேயே தொங்கியது. முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். கல் போல இறுகியிருந்தது.

அடக்கத்தில் அப்பாவே ஜெபம் செய்தார். அவள் நமக்கு முன்னால் பரலோகத்துக்குப் போய்விட்டாள் என்றார். அடுத்த வாரமே ஒரு புதுச் சாட்சி பிறந்துவிட்டது. தண்ணீரை நிறுத்தி ஆண்டவர் அத்தனை பெண்களையும் கீழே வரவழைத்துக் காப்பாற்றினாராம், ஊழியக்காரரையும் காப்பாற்றினாராம். எல்லோரும் ஆமென் போட்டார்கள். அந்தச் சாட்சியில் என் அம்மா இல்லை. நான் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தேடித் தேடிக் கேட்டேன், ஒரு வார்த்தையிலும் அவள் வரவில்லை.

நான் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனோ என்னவோ. ஜெபம் கேட்கப்படும் என்றே இன்றும் நம்புகிறேன். கொடி மூன்று முறை தொய்ந்ததும், கதவு இறுகியதும், போத்தலின் அடியில் மண் நின்றதும் அந்த ஜெபத்துக்கு வந்த பதில்தான் என்று நினைக்கிறேன். அதை யாரும் பதில் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அது நாங்கள் கேட்ட மாதிரி இருக்கவில்லை, அதுதான் குற்றம்.

அப்பா வெகுகாலம் உயிரோடு இருந்தார். கடைசியில் உக்குவளையில் என்னோடுதான். தவறிவிட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஒரு பின்னேரம், மழை வருகிற மாதிரி இருந்ததால் நான் கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "பாப்பா," என்றார். "அன்னைக்கு அம்மா கட்டின கொடி... இறுக்கமாத்தான் இருந்திச்சா?"

"இறுக்கமாத்தான் இருந்திச்சுப்பா. முடிச்ச நான் தொட்டுப் பாத்தேன்."

தலையை ஆட்டினார். தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்தபடியே ஆறவிட்டார். ஒரு ஆயுள் முழுக்கப் பிரசங்கம் செய்த மனுஷர், அந்த ஒரு கேள்வியைக் கேட்க அத்தனை காலம் எடுத்துக்கொண்டார். அதைக் காதால் கேட்டிருக்க வேண்டியவள் அப்போது இல்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவரும் போய்விட்டார்.

இவ்வளவையும் எழுதி முடித்து மூடிவைக்கத்தான் நினைத்தேன். நேற்று மத்தியானம் கைபேசி அடித்தது. தெரியாத நம்பர். ஒரு இளம்பெண்ணின் குரல்.

"அக்கா, நீங்கதானே குரூப்புல கதவப் பத்திக் கேட்டது? அந்த வீடியோவுல உள்ளது எங்க வீடுதான். பின்கதவு சாத்த முடியலக்கா. அவரு சீவித் தந்தாரு, மறுபடியும் இறுகிப் போச்சு. ஏன்க்கா கேட்டீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே கிளம்பி என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு பிள்ளையின் குரலும் கேட்டது.

"கிராம சேவகரும் வந்து வீட்ட விட்டு எழும்பச் சொல்லிட்டுத்தான் போனாருக்கா. ஆனா ஞாயித்துக்கெழம இங்க சாட்சிக் கூட்டம் வச்சிருக்காங்க. வெளியூர்ல இருந்தெல்லாம் வர்றாங்க. அது முடியட்டும்னு அவரு சொல்றாரு."

"அவர் இருக்கட்டும்மா. நீயும் பிள்ளையும் வாங்க."

"அவரத் தனியா விட்டுட்டு எப்பிடிக்கா வர்றது?" என்றாள். பிறகு, "மகள வேணும்னா அனுப்பி வைக்கிறேன்க்கா. அவளுக்குக் கொஞ்சம் இருமலா இருக்கு," என்றாள்.

பின்னால் அந்தப் பிள்ளை எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. நான் காதை அழுத்திவைத்துக் கேட்டேன். இருமல் கேட்கவில்லை.